கம்மாளத் தெருவில் கொடுத்துவிட்டு வந்த முகம்

சேலத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் சேலத்துக்குப் போயிருந்தது ஒரே ஒரு தடவை. மாட்டுத் திருட்டு வழக்கு ஒன்றில் சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோர்ட்டுத் தாழ்வாரத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வாய்தா போட்டாயிற்று என்று சொல்லித் திரும்ப பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆக, நான் பார்த்த சேலம் அந்தத் தாழ்வாரமும், எதிரே நின்ற வேப்பமரமும், ஒரு காப்பிக் கடையின் பின்பக்கமும்தான். இதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் பேசினேன். ஒவ்வொரு அறுவடைக்கும் என் சேலத்தில் ஒரு தெரு கூடிக்கொண்டே போனது. கேட்கிறவர்கள் மலையை விட்டு இறங்காதவர்களாக இருந்தது எனக்கு ரொம்ப வசதி.

மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் சாமையும் ராகியும் போட்டு, பலாமரங்களில் மிளகுக் கொடி ஏற்றிப் பிழைக்கிற சாதாரண ஆள் நான். பெயர் செங்கோடன். மாடு முட்டிக் கோணிப்போன மூக்கு. முன்பல்லில் ஒன்று இல்லை. இரண்டையும் மறைப்பதற்கென்று வளர்த்த மீசை. அந்த மீசை எதையும் மறைக்கவில்லை, பார்க்கிறவர்களுக்கு மூக்கும் பல்லும் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டுகிறது என்பாள் என் வீட்டுக்காரி பாவாயி. அதை நான் பொறாமை என்று எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை மூள்வதற்கு இரண்டு வருஷம் முந்தி, பக்கத்து அரியூர் நாட்டுக்காரர்கள் தங்கள் அம்மனுக்கு உலோகத்தில் ஒரு விக்கிரகம் வார்த்து வந்து, திருவிழாவில் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். எங்கள் காளியாத்தா நட்ட கல்லாகக் கோயிலுக்குள் இருப்பவள். அவளைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. அரியூர் மேளம் எங்கள் எல்லைவரை வந்து போன மறுநாளே ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் கூட்டம் கூட்டிவிட்டார். நாமும் ஒரு விக்கிரகம் வார்க்க வேண்டும், அது அரியூர் அம்மனைவிட அரை முழமாவது உயரம் கூடியிருக்க வேண்டும் என்று முடிவானது. அரியூர் அம்மன் காலடியில் ஒன்றுமில்லை. நம் ஆத்தா காலடியில் ஓர் அசுரன் கிடக்க வேண்டும், பக்கத்தில் அரிவாளோடு கருப்பன் காவல் நிற்க வேண்டும் என்று பூசாரி காத்தான் சேர்த்துக்கொண்டார். கடைசியில், சேலத்தில் கம்மாளத் தெரு என்று ஒன்று இருக்கிறதாமே, அங்கே போய் யார் சொல்லிச் செய்துகொண்டு வருவது என்ற பேச்சு வந்தது.

அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவே இல்லை. பத்து வருஷமாகத் திறந்து வைத்திருந்ததே போதுமாக இருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போன தையில்தான், கம்மாளத் தெரு ஆசாரிமார்கள் எனக்கு மாமன் மச்சான் மாதிரி, நான் போனால் உலையை நிறுத்திவிட்டு எழுந்து வருவார்கள் என்று சொல்லியிருந்தேன். சந்தையில் ஒரு பாத்திர வியாபாரி பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக் கட்டிய தெரு அது. மாமன் மச்சான் உறவைச் சேர்த்தது நான்.

வார்ப்பதற்கான உலோகத்தை வீடு வீடாகப் பெண்கள் கொண்டுவந்து போட்டார்கள். ஓட்டைச் செம்பு, நசுங்கிய குண்டான், காது போன விளக்கு, மாட்டு மணி என்று இரண்டு சாக்கு நிறைந்தது. காட்டில் எடுத்த தேன்மெழுகும் ஒரு பெரிய உருண்டை சேர்ந்தது. எல்லாம் சேர்ந்த பிறகு, பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். போட்டது எங்கள் அடுப்படிச் சாமான், அதனால் கூட ஒரு பொம்பளை போக வேண்டும் என்றார்கள். என்னை நம்பாமல் இல்லை என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். பாவாயி தலையில் மெழுகு உருண்டையை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சாக்குகளைச் சுமக்க வந்த ஆட்கள் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எங்களை ராசிபுரம் வழியாகச் சேலம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சேலத்துக்குப் புதுசா என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சேலத்தில் இறங்கியதும் அந்த வேப்பமரத்தைத் தேடினேன். அதைக் கண்டுபிடித்திருந்தாலும் அங்கிருந்து எனக்கு வழி தெரிந்திருக்காது, ஆனாலும் ஒரு தெம்பாக இருக்குமே என்றுதான். மரம் கிடைக்கவில்லை. ஒரு கைவண்டிக்காரனைப் பிடித்துச் சாக்குகளை ஏற்றி, கோட்டைப் பக்கம் பழைய ஊருக்குள் போ என்று அதிகாரமாகச் சொன்னேன். எந்தச் சந்து என்று அவன் கேட்டான். நான் சொல்கிறபடி திரும்பு என்றேன். அவன் பாவம், நான் சொன்னபடியெல்லாம் திரும்பினான். திருமணிமுத்தாற்றை ஒரு பாலத்தில் தாண்டினோம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தாண்டினோம். ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்த வெள்ளாட்டைத் திரும்பத் திரும்பக் கடந்தோம். முதலில் எங்களைப் பார்த்துக் கத்திய ஆடு, பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏனுங்க, அந்த ஆட்டுக்கு நம்மளப் பழகிப்போச்சுங்க," என்றாள் பாவாயி.

ஆசாரி வீட்டுக்கு நல்ல நேரத்தில் போக வேண்டும், அதற்காகத்தான் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் வண்டியை விட்டு விலகி, மோர் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போய் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள், இங்கிருந்தே தட்டுகிற சத்தம் கேட்கிறதல்லவா, அதையே பிடித்துக்கொண்டு போனால் தெரு வந்துவிடும் என்றாளாம். அப்போதுதான் நானும் கவனித்தேன். அந்தச் சத்தம் நாங்கள் வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நேரமும் நான் அதற்கு முதுகைக் காட்டி நடந்திருக்கிறேன்.

கம்மாளத் தெரு நான் சொல்லிவந்ததைவிடக் குறுகல். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். கைவண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டோம். இரண்டு பக்கமும் தாழ்ந்த ஓட்டு வீடுகள். முன்கட்டில் பட்டறை, பின்கட்டில் குடித்தனம். ஒரு வீட்டில் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்கள். அடுத்த வீட்டில் வெள்ளிக் கொலுசுக்கு முத்து உருட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் ஓர் ஆள் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு, கன்னம் உப்பத் தங்கத்துக்கு நெருப்பு ஊதினார். தெரு முழுக்கக் கரியும் குங்கிலியமும் கலந்த ஒரு வாசனை. தெருக் கோடியில் அவர்களுடைய காமாட்சியம்மன் கோயில். எத்தனையோ தலைமுறையாக அந்தக் கோயிலைச் சுற்றியேதான் குடியிருக்கிறார்களாம். ஒவ்வொரு வாசற்படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. இத்தனை சத்தத்திலும் ஒரு வீட்டில் ஒரு குழந்தை தூளியில் நிம்மதியாகத் தூங்கியதைப் பாவாயி எனக்குக் காட்டினாள். நான் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை. மாமன் மச்சானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விக்கிரகம் வார்க்கிற வீடு எது என்று கேட்டதற்கு, அர்த்தனாரி ஆசாரி வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெரியவர் சிவப்பாக, நெற்றி நிறைய விபூதியோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பாவாயி பக்கத்தில் இருக்கிறாள், சாக்கைச் சுமந்து வந்த கைவண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய், என்ன ஆசாரியாரே, சௌக்கியமா, என்னை ஞாபகம் இருக்கிறதா என்று அவரைத் தழுவிக்கொண்டேன். அவர் தன்னை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"நான் சவரம் பண்ண வந்தவனுங்க. ஆசாரி உள்ளார இருக்கறாருங்க."

உள்ளே, கதவு நிலையில் சாய்ந்தபடி ஒல்லியாக ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். அவர்தான் அர்த்தனாரி ஆசாரி. அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். மூக்கைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், நான் அசடு வழியச் சிரித்தபோது பல் போன இடத்தையும் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, வாங்க கவுண்டரே, உங்களைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷம் என்றார். என்னைப் பார்த்து யாரும் அப்படி மனசாரச் சொன்னதில்லை. சவரக்காரரைக் கட்டிப்பிடித்த வெட்கம் அந்த நிமிஷமே போய்விட்டது.

சாமான்களையெல்லாம் பிரித்துப் பார்த்தார். எது சேரும், எது சேராது என்று ஒதுக்கினார். மெழுகை முகர்ந்து பார்த்து, மலை மெழுகு மாதிரி எங்கேயும் கிடைக்காது என்றார். அம்மனுக்கும் கருப்பனுக்கும் தலை முதல் கால்வரை அளவு இருக்கிறது, எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த அந்த அளவில்தான் செய்வேன் என்றார். நான் அந்த அளவையெல்லாம் சரிபார்க்க வந்தவன் மாதிரித் தலையாட்டினேன். மெழுகு வேலை முடிகிறவரை கூட இருந்து பார்க்கலாமா என்று பாவாயி கேட்டாள். கட்டாயம் இருக்க வேண்டும், முக்கியமாகக் கவுண்டர் இருக்க வேண்டும் என்றார் ஆசாரி.

பக்கத்துச் சத்திரத்தில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் தெருவுக்கு வந்துவிடுவோம். ஆசாரி மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சி, கையாலேயே பிசைந்து, உடம்பு தனி, கை தனி, தலை தனி என்று செய்து ஒரு தண்ணீர்ச் சட்டியில் மிதக்கவிடுவார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என்னைக் கூப்பிட்டார்.

"கவுண்டரே, சித்தே அந்த வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உக்காருங்க."

உட்கார்ந்தேன். கண்ணை உருட்டச் சொன்னார், உருட்டினேன். வாயை நன்றாகத் திறந்து பல்லைக் காட்டச் சொன்னார். பிறகு, "ஆரோ உங்க நெஞ்சு மேல ஏறி நிக்கறாப்பல நெனச்சுக்குங்க," என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கருப்பனுக்கு முகம் தேடுகிறார். காவல் தெய்வம் என்றால் மீசை வேண்டும், கோபம் வேண்டும்; நெஞ்சில் ஒருவன் ஏறி நின்றால் எந்தக் கருப்பனுக்குத்தான் கோபம் வராது? அம்மனுக்கும் கருப்பனுக்கும் அளவு இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வேண்டாததை மறப்பதில் நான் கெட்டிக்காரன். கழுத்து வலிக்கிறவரை உறுமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர்ச் சட்டியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு தலை மிதந்தது. கோணல் மூக்கும் ஒருபக்கம் தூக்கிய மீசையும் அச்சாக என்னுடையவை. பல் போன ஓட்டையைக்கூட விடவில்லை. மலையை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் தெய்வமாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. எதிரே வருகிறவர்கள்தான் சுவரோடு ஒட்டினார்கள். பட்டறை பட்டறையாக நுழைந்து யோசனை சொன்னேன். அண்டாவின் விளிம்பு இன்னும் கொஞ்சம் மடங்கலாம் என்றேன். ஒரு தட்டாரிடம், அட்டிகையில் கல் நெருக்கமாக இருக்கிறது என்றேன். ஒரு பட்டறையில் துருத்தி ஊதுகிறவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, நான் காட்டுகிறேன் பாருங்கள் என்று உட்கார்ந்து மலைக்காரன் பலத்தையெல்லாம் கூட்டி ஓர் அமுக்கு அமுக்கினேன். உலையிலிருந்த சாம்பல் மொத்தமும் எழுந்து பட்டறையை மூடியது. சாம்பல் அடங்கியபோது, எதிரே மூன்று ஆசாரிகள் கண்களை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை. மூத்தவர் மட்டும், கவுண்டர் ஊருக்கு எப்போது புறப்படுகிறார் என்று அன்பாகக் கேட்டார்.

பாவாயி அந்த நாட்களில் என்னோடு அதிகம் வரவில்லை. ஆசாரியின் மனைவியோடு பின்கட்டில் இருந்தாள், இல்லையென்றால் ஆசாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு இழையை உருட்டி அம்மன் கைக்கு வளையல் போடுகிற நேரத்தில், ஆசாரி ஒரு இழையை அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அம்மன் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. சரிசெய்யட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும், வளையல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஆசாரி விட்டுவிட்டார்.

உருக்கி ஊற்றுகிற நாளில் தெருவே கூடியது. மெழுகுப் பொம்மைக்கு வண்டல் மண் பூசிக் கம்பி கட்டிக் காயவைத்திருந்தார்கள். அதைச் சுட்டு மெழுகை வடித்தார்கள். எங்கள் ஊர்ச் செம்பும் குண்டானும் உலையில் வைத்த மூசைக் குடுவையில் உருகிப் பச்சை நிறத்தில் ஜுவாலை எழுந்தது. விருப்பமுள்ளவர்கள் பொட்டுத் தங்கம் போடலாம் என்று ஆசாரி சொன்னார். பாவாயி கொஞ்சமும் யோசிக்காமல் மூக்குத்தியைக் கழற்றி மூசைக்குள் போட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. இழுத்தேன், திருகினேன், கழலவே இல்லை. வீட்டில் கை கழுவும்போதெல்லாம் தானாக நழுவி விழுகிற மோதிரம் அது. அன்றைக்கு ஏனோ விரல் வீங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருகியதை மண்ணச்சில் ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்தபோது உள்ளே கறுப்பாக ஒரு உருவம் தெரிந்தது. உடனே துணி போட்டு மூடிவிட்டார்கள். இன்னும் உளி வேலை இருக்கிறது, முடித்துத் திருவிழாவுக்கு நானே கொண்டுவருகிறேன், கண் திறப்பது அங்கே வைத்துத்தான் என்றார் ஆசாரி. நாங்கள் மலைக்குத் திரும்பினோம்.

ஊர் சேர்ந்ததும் நான் அடக்கமாகத்தான் இருந்தேன். ஒருவரிடம் மட்டும், அதுவும் ரகசியமாக, கருப்பன் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள், தெரிந்த முகமாக இருக்கும் என்றேன். பிறகு இன்னொருவரிடம் ரகசியமாகச் சொன்னேன். ஒரு வாரத்தில் அந்த ரகசியம் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. பூசாரி காத்தானிடம், இனிமேல் கருப்பனுக்கு வெட்டுகிற கிடாயில் தலைக்கறி யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பேச்சு எழுப்பிப் பார்த்தேன். வயசான இரண்டு பேர் என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்தார்கள். வேர்வை துடைப்பதற்காகக்கூட இருக்கலாம். பாவாயி மட்டும் என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வப்போது ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

திருவிழாவுக்கு முதல்நாள் அர்த்தனாரி ஆசாரி இரண்டு சுமையாட்களோடு மலையேறி வந்து சேர்ந்தார். கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மறுநாள் காலையில் திரைக்குப் பின்னால் கண் திறப்பு நடந்தது. ஊரே திரண்டு நின்றது. நான் முன்வரிசையில் நின்றேன். மீசைக்கு விளக்கெண்ணெய் தடவியிருந்தேன். மேளம் முழங்கத் திரையை இழுத்தார்கள்.

ஆத்தா அத்தனை அழகாக இருந்தாள். பெண்கள் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். தன் செம்பு ஆத்தாவின் தோளில் இருக்கிறதா, தன் விளக்கு அவள் கையில் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. நான் கருப்பனைத் தேடினேன். வலது பக்கத்தில் அரிவாளோடு நின்றான். நேரான மூக்கு, அரும்பு மீசை, மூடிய உதடு. எனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆசாரி கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டாரா என்று நினைத்து மெல்லக் கண்ணை இறக்கினேன்.

ஆத்தாவின் இடது பாதத்துக்குக் கீழே நான் கிடந்தேன். கண் பிதுங்கி, வாய் பிளந்து, பல் போன ஓட்டை தெரிய, மூக்கு ஒரு பக்கமும் மீசை ஒரு பக்கமுமாகக் கிடந்தேன்.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து பாப்பாயி, என் சித்தப்பன் மகள், நிதானமாகச் சொன்னாள்: "அட, நம்ம செங்கோடண்ணனல்லோ."

அந்தச் சிரிப்பு எங்கள் மலையில் அதற்கு முன் கேட்டதில்லை. தவுல்காரர் தவுலின் மேலேயே குப்புற விழுந்து சிரித்தார். ஊர்க்கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டை எடுத்த இரண்டு கிழவர்களும் அதே துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. சட்டியில் தலை மிதந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் பூசாரி காத்தான் மட்டும் சிரிக்காமல் நிற்பது தெரிந்தது. உயிரோடு இருக்கிற மனிதன் முகத்தை இந்த ஆசாரி அசுரனுக்கு வைத்துவிட்டான், நம் குடியைச் சேர்ந்தவனை ஆத்தாவே மிதிக்கிறாள், இது ஊருக்கு ஆகாது என்றார். விக்கிரகத்தைத் திருப்பி அனுப்பி உருக்கச் சொல்ல வேண்டும், ஆசாரி தண்டம் கட்டாமல் மலையை விட்டு இறங்கக்கூடாது என்றார். அவர் சொல்லச் சொல்ல, கொஞ்ச நேரத்துக்கு முன் சிரித்தவர்கள் முகமெல்லாம் மாறியது. நாலைந்து பேர் ஆசாரியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆசாரி கையிலிருந்த உளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பி, "செங்கோடா, உனக்குத் தெரியாமத்தான் இப்படிப் பண்ணிப்போட்டானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் பாதியாவது தேறும். அது உண்மையும்கூட. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆத்தாவின் மணிக்கட்டில் அந்தக் கோணல் வளையல் கண்ணில் பட்டது. அதையும் சேர்த்தல்லவா உருக்குவார்கள்? என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் என்னை உயர்த்திக்கொள்ளச் சொன்னவை. அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான் வேறு மாதிரி.

"நாந்தாங்க அப்படிச் செய்யச் சொன்னேன். ஆத்தா காலடியில கெடக்கோணும்னு ஒரு வேண்டுதலுங்க."

கருப்பன் என்று ஊரெல்லாம் சொன்னாயே என்று காத்தான் மடக்கினார். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது, அதற்காகத்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். பொய்யில் எனக்கிருந்த அனுபவம் அந்த ஒரு நாள் உருப்படியாக உதவியது. காத்தான் என்னைப் பார்த்தார், விக்கிரகத்தைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். ஆசாரியைச் சுற்றி நின்றவர்கள் விலகி, அவருக்கு உட்கார ஒரு பலகை கொண்டுவந்து போட்டார்கள்.

மத்தியானம் பந்தியில் ஆசாரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, எத்தனை விக்கிரகம் செய்தும் அசுரன் முகம் மட்டும் தனக்குச் சரியாக வந்ததில்லை என்றார். கோபக்காரன் முகம் வைத்துப் பார்த்தாராம், குடிகாரன் முகம் வைத்துப் பார்த்தாராம்.

"தன்னை ஆரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனைக்கற மொகம் வேணுமுங்க. அன்னைக்கு நீங்க சவரக்காரரைக் கட்டிப்புடிச்சுட்டு நின்னீங்க பாருங்க, அப்ப வந்துருச்சு. உங்களைக் கேட்டுருக்கோணும். கேட்டா வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டனுங்க."

கோபப்பட முயன்றேன். வரவில்லை. அந்த முகத்தை அவரைத் தவிர வேறு யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்பதும் உண்மைதானே. பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன், அவருக்கும் எனக்கும்.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அன்றைக்குப் பொழுது விழுவதற்குள் என் வேண்டுதலோடு ஒரு கனவும் சேர்ந்துவிட்டது. கனவில் ஆத்தா வந்து என் முகத்தைக் கேட்டாள் என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவாயி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், முன்னமே தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். அத்தனை சந்தோஷமாக என்னை அவள் பார்த்ததே இல்லையாம், கெடுக்க மனசு வரவில்லையாம். அது ஒரு காரணம் என்றாள். இன்னொரு காரணத்தைச் சொல்லவில்லை, சிரித்துவிட்டாள்.

மறு வருஷம் திருவிழாவுக்கு முன்னால் விக்கிரகம் துலக்குகிற பொறுப்பைப் பாவாயிக்குக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். புளியைக் கரைத்து ஆத்தாவை மெதுவாக, குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். கருப்பனையும் அப்படியே தேய்த்தாள். கடைசியில் அசுரனிடம் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரை எடுத்துப் புளியில் தோய்த்து, முகத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் தேய்த்த தேய்ப்பில் எனக்குக் கன்னம் எரிந்தது. கொஞ்சம் பார்த்துத் தேய் என்று சொன்னேன்.

"சும்மா இருங்க. பல்லு இடுக்குல அழுக்கு இருக்குது," என்றாள்.

அவள் முடிக்கிறவரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.